பாலையில் ஒட்டகம் விட்டவர் யார்?

எம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் ஐந்திணைப் படுதாக்கள் ஐந்து தொங்கவிடப்பெற்றன. குறிஞ்சிக்கு அருவியும் மயிலும், முல்லைக்கு ஆநிரையும் குழலூதும் இடையனும், மருதத்துக்கு வயலும் தாமரைப் பொய்கையும், நெய்தலுக்குக் கடலும் கட்டுமரமும் தீட்டப்பெற்றிருந்தன. நான்கும் நன்றே. ஐந்தாவது படுதா விரிந்தபோதுதான் எம் நெஞ்சு துணுக்குற்றது. அலையலையாக மஞ்சள் மணல் மேடுகள். இரண்டு ஈச்ச மரங்கள். அவற்றின் அடியில் நீலக் குளம் ஒன்று. மணல் முகட்டில் வரிசையாக நான்கு ஒட்டகங்கள். கீழே பெரிய எழுத்தில் 'பாலை' என்று பொறித்திருந்தார்கள். அவையோர் கைதட்டி மகிழ்ந்தனர்.

இஃது ஏதோ தொலைதூர நகரில் நிகழ்ந்ததன்று. பாலக்காட்டில் நிகழ்ந்தது. பாலை மரங்கள் செறிந்த காடு ஆதலின் அப்பெயர் பெற்றது என்று ஒரு சாரார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர் இது. மேடையிலிருந்து இறங்கிக் கிழக்கே ஒன்றிரண்டு மணி நேரம் பேருந்தில் சென்றால், சங்கப் புலவர் பாடிய பாலையைக் கண்ணாலேயே காணலாம். அவ்வளவு அண்மையில் இருந்துகொண்டு அரபு நாட்டிலிருந்து ஒட்டகத்தை ஓட்டி வந்தோம் என்றால், நம் புலமையை என்னென்பது!

விழாக் குழுவினரிடம் யாம் இதனை எடுத்துரைத்தோம். "ஒரு படுதாவுக்காக இத்துணைச் சினமா? பார்ப்பவர்க்கு விளங்கினால் போதாதா?" என்றார் ஒருவர். யாம் ஓவியக் கலை பயின்றவர் அல்லேம். நடுவண் அரசு அலுவலகமொன்றில் கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் எழுத்தர். இளங்கலைப் பட்டத்துக்கு மேல் எமக்குப் படிப்பும் இல்லை. ஆயினும் 'விளங்கினால் போதும்' என்னும் அவ்வொரு சொல்லை எம்மால் விழுங்க இயலவில்லை. தவறாக விளங்கியதை விளங்கியது என்று கொள்வது எங்ஙனம்? அன்று மேடையின் முன்னே அமர்ந்திருந்த சிறுவர் சிறுமியர் நூற்றுவரேனும் இருப்பர். அவர்கள் நாளை அகநானூற்றைத் திறக்கும்போது அவர்தம் மனக்கண் முன் நடக்கப்போவது எது? அந்த நான்கு ஒட்டகங்கள்தாமே!

படுதா எழுதிய ஓவியரைத் தேடிச் சென்றோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவர், கடைப் பலகைகளும் கோயில் வளைவுகளும் எழுதிப் பிழைப்பவர். எம் குறையைக் கேட்டவர் சினக்கவில்லை, சிரித்தார். "ஐயா, சீட்டுல பாலைவனம்னு எழுதிக் கொடுத்தாங்க. நான் எங்க பாலைவனத்தைக் கண்டேன்? பேரீச்சம்பழ டப்பாவைப் பார்த்துப் போட்டேன்" என்றார்.

அவர்மேல் எமக்கு வருத்தம் சிறிதுமில்லை. குற்றம் சீட்டெழுதியவர்களுடையது. அதாவது, கற்றவர்களாகிய நம்முடையது. ஆங்கிலப் புவியியல் நூல்களைத் தமிழாக்கிய காலத்தில், மணற்பரப்பாகிய வறுநிலத்துக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. கையருகே கிடந்த 'பாலை' என்னும் பழஞ்சொல்லோடு 'வனம்' என்பதை ஒட்டிச் சகாராவுக்குச் சூட்டினோம். அதனால் சகாராவுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பாலைக்கோ தன் நிலம் பறிபோயிற்று. பள்ளிப்பிள்ளை சகாராப் பாலைவனத்தை முதலில் படிக்கிறான், பாலைத்திணையைப் பின்னர்ப் படிக்கிறான். பின்னதை முன்னதன் வழியாகவே காண்கிறான். பேரீச்சம்பழ டப்பா சங்க இலக்கியத்துக்கு உரைநூல் ஆன கதை இதுதான்.

பழந்தமிழர் கண்ட பாலை எது? தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கற்கே நிலம் வகுத்தார். பாலையை நடுவுநிலைத் திணை என்றார். அதற்கெனத் தனி நிலம் ஒன்றை அளந்து கொடுக்கவில்லை, பொழுதைக் கொடுத்தார். வேனிலும் நண்பகலும் அதன் பொழுதுகள். பின்பனியும் உரித்து என்றார். இளங்கோவடிகளோ காடுகாண் காதையில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டார்: முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது அவர் கூற்று. மயிலாடிய அதே மலை, ஆநிரை மேய்ந்த அதே காடு, ஞாயிற்றின் கைப்பட்டு வேறொன்றாகிவிடுகிறது. ஒரு முகம் சிரித்தால் ஒரு தோற்றம், சினந்தால் ஒரு தோற்றம் அன்றோ? சினந்த முகத்துக்கு வேறொரு தலையைத் தேடுவார் உண்டோ?

நம் படுதாக்கள் செய்த பிழை இதுவே. ஐந்திணையை ஐந்து தனித்தனிப் பெட்டிகளாக அவை கொண்டன. குறிஞ்சிப் படுதாவுக்கும் பாலைப் படுதாவுக்கும் இடையே ஓர் உறவும் இல்லை. நீரும் நெருப்பும் ஒரே மலையின்மேல் மாறிமாறி ஆட்சி செலுத்துகின்றன என்னும் பேருண்மை, இரண்டு கித்தான்களுக்கு இடைப்பட்ட சந்தில் விழுந்து தொலைந்தது.

இவ்வுண்மையைக் காண நூல் வேண்டுவதில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கை ஒன்று கிடைத்தால் போதும். ஆனித் திங்களில் புறப்படுக. சின்னாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் இருபுறமும் முட்காடு. கள்ளியும் வேலும், இலையுதிர்ந்த மரங்களும், வெயிலில் கொதிக்கும் பாறைகளும் கண்ணுக்குத் தென்படும். சின்னாறு கானுயிர்ப் புகலிடம் 1984ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றது. 90 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அக்காட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்; அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கீழ்க்காற்று கொணர்வது. மேலே ஏறினால் மறையூர்; சந்தனக் காடும் கரும்புக் கொல்லையும் வெல்லம் காய்ச்சும் கொட்டிலும் உள்ள ஊர். அங்கிருந்து மூணாறு 40 கிலோமீட்டர்தான். அந்த 40 கிலோமீட்டர் ஏறி முடிப்பதற்குள் பேருந்தின் கண்ணாடியில் மழை அறையத் தொடங்கும். மூணாற்றுப் பக்கத்தில் ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரே நாள், ஒரே மலை. பின்னால் விட்டுவந்த சரிவிலோ யானை மரப்பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருக்கும்.

காரணம் பள்ளிப்பாடத்தில் உள்ளதே. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நீரைச் சுமந்து வந்து ஆனைமுடி முதலான உயர்வரைகளில் மோதுகிறது, மேலெழுகிறது, குளிர்கிறது, சுமையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. 2695 மீட்டர் உயர்ந்த அம்மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதன் கையில் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு இறங்கும் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மேற்கே குறிஞ்சியை வளர்த்த காற்றே கிழக்கே பாலையை விரிக்கிறது. பகைவர் இருவர் அல்லர், ஒருவரே!

இவ்விடத்தில் இயற்கை தானே எழுதிவைத்த ஓவியம் ஒன்றுண்டு. பாம்பாறு கிழக்கு நோக்கிப் பாய்ந்து சின்னாற்றோடு கூடி அமராவதியாகிக் காவிரிக்குச் செல்கிறது. அப்பாம்பாறு சின்னாற்றுக் காட்டினூடே பாறையிலிருந்து வீழுமிடத்துக்குத் தூவானம் என்று பெயர். காற்றால் சிதறும் நுண்துளிக்குத் தமிழில் உள்ள அதே பெயர். சுற்றிலும் கரிந்த புதர். நடுவே வெண்பட்டு விரித்தாற்போல் நீர். மேலே மூணாற்றுப் பக்கத்தில் பெய்த மழை, கீழே மழை காணாத காட்டின் வழியே நடந்து போகிறது. சாலையிலிருந்தே இதனைக் காணலாம். இதனைக் கண்டவன் குறிஞ்சியையும் பாலையையும் வேறு வேறு துணியில் எழுதமாட்டான்.

பாலக்காட்டுக் கணவாயின் கதை வேறு. வடக்கே நீலமலையும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்று, 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயிலைத் திறந்துவிட்டிருக்கின்றன. ஆனி ஆடியில் மேல்காற்று இவ்வாயில் வழியே பாய்ந்து உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மார்கழியிலும் தையிலும் காற்று திரும்புகிறது. கிழக்கிலிருந்து வறண்டு வந்து நம் உதட்டைப் பிளக்கிறது. பனையோலைகளை இரவெல்லாம் அலறவிடுகிறது. தொல்காப்பியர் பாலைக்குப் பின்பனியை ஏன் உரித்தாக்கினார் என்று உரைநூல்களில் தேடுவோர், மாசியில் ஒரு நாள் சித்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் நின்று பார்க்கலாம். பங்குனியில் வெயில் 40 பாகையைத் தொடுவது நமக்குப் புதிதன்று. மலையாளத்தில் 1969ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'கசாக்கின் இதிகாசம்' இப்பாலக்காட்டுத் தஸ்ராக் என்னும் சிற்றூரின் பனைகளையும் காற்றையும் வைத்து எழுந்தது. அதனை எழுதிய ஓ.வி. விஜயன் கேலிச்சித்திரக்காரரும் ஆவார். அண்டை மொழிக்காரர் நம் காற்றைக் கண்டுகொண்டார். நாமோ மணலைத் தேடுகிறோம்.

ஈண்டு ஒரு மறுப்புக்கு விடை கூறியாக வேண்டும். சங்கத்து மூத்த புலவர் ஒருவர், எம்மினும் நூறு மடங்கு கற்றவர், "அகநானூற்றிலேயே ஒட்டகம் வருகிறதே, அறியீரோ?" என்று எம்மை மடக்கினார். அறிவோம் ஐயா! பாலைப் பாட்டொன்றில் பசித்த ஒட்டகம் ஒன்று வரத்தான் செய்கிறது. தொல்காப்பிய மரபியலிலும் ஒட்டகம் உண்டு. ஆனால் அப்பாட்டில் அது நிற்குமிடம் எது? உலர்ந்த எலும்பு கிடக்கும் சிறு குன்றுப்புறம். மணல் மேடன்று, ஈச்ச மரமும் இல்லை. வணிகச் சாத்தோடு வந்த விலங்கு ஒன்று மலைவழியில் நின்றமையால் மலை மணலாகிவிடுமோ? பாலைப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவன எவை என்று எண்ணிப் பார்க்கட்டும்: பசியால் மரப்பட்டை உரிக்கும் யானை, மூங்கில் உரசிப் பிறக்கும் தீ, கள்ளிக்காட்டில் கூவும் புறா, செந்நாய், ஓமை மரம், நீர் போலத் தோன்றி ஏய்க்கும் பேய்த்தேர். இவை யாவும் மலைக்காட்டின் உடைமைகள். தலைவன் கடந்து செல்வதும் வேங்கட மலை போன்ற வரைகளை. மேலும், பாலை பாடுவதில் வல்லவராய் அதனாலேயே பெயர் பெற்றவர் யார்? பாலை பாடிய பெருங்கடுங்கோ, சேர மன்னர். மழைக்குப் பெயர்போன சேர நாட்டு அரசர் வெம்மையைப் பாடுவதில் தலைசிறந்தார் என்பது, மேற்கும் கிழக்கும் இப்படி முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும் மலையைக் கண்டவர்க்கு வியப்பாகாது. (தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைக் காட்டி மணலுண்டு என்பாரும் உளர். செம்மணலும் பனையும் உடைய அத்தேரி கடலோரத்தது. அங்கும் ஒட்டகத்துக்கு வேலையில்லை.)

ஓவியத்தின் பக்கம் வருவோம். 'ஓவியம் எழுதினான்' என்பது தமிழ் வழக்கு. மறையூர்க்கருகே தொல்லோவியங்கள் உள்ள பாறைக்குகையை இன்றும் மக்கள் 'எழுத்துக் குகை' என்றே அழைக்கின்றனர். எழுத்தையும் ஓவியத்தையும் ஒரே வினையால் குறித்த இனம், நிலத்தை ஓவியமாக எழுதுவதில் ஏன் இவ்வளவு சோம்பிற்று? இரவிவர்மாவின் தம்பி இராசராச வர்மா நிலக்காட்சி ஓவியத்தில் கைதேர்ந்தவர். ஆயினும் தமையனாரின் அச்சகத்திலிருந்து 1894 முதல் வீடுதோறும் பரவிய படங்களில் நிலம் தேவியர்க்குப் பின்புலமாகவே நின்றது. அதனைத் தொடர்ந்து நாடகப் படுதாவும் சிவகாசி நாட்காட்டியும் வந்தன. மலை என்றால் ஓர் அருவி, அருவி என்றால் ஒரு நிலா. நாடகக் கொட்டகையில் காடு ஒரு படுதா, அரண்மனை ஒரு படுதா, தெரு ஒரு படுதா. எந்தக் கதையானாலும் அவையே இறங்கும். எம் ஐந்து படுதாக்களும் அக்கொட்டகையின் பேரப்பிள்ளைகள்தாம்.

பிறர் செய்ததைப் பார்ப்போம். சீனர் நிலக்காட்சி ஓவியத்துக்கு வைத்த பெயரே 'மலை-நீர்' என்று பொருள்படும். நிற்பதும் ஓடுவதும் ஆகிய இரண்டும் கூடினால்தான் அவர்க்கு நிலம். இங்கிலாந்தின் டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த புகைவண்டி ஓவியத்தில் மழைக்குள்ளே நெருப்பு ஓடுகிறது. இவ்வளவு தொலைவு போவானேன்! வடநாட்டில் பன்னிரு மாதங்களையும் காதலர் பிரிவோடு இணைத்து எழுதிய 'பாரமாசா' ஓவியங்கள் உண்டு. நம் திணைமரபுக்கு உடன்பிறப்பு எனத் தக்கவை. அவற்றின் கோடைப் படத்தில், வெம்மை தாளாது யானையும் சிங்கமும், மயிலும் பாம்பும் பகை மறந்து ஒடுங்கிக் கிடப்பதாக எழுதுவர். வெயிலைக் காட்ட அவ்வோவியர் மணலைக் கொட்டவில்லை. வெயில் உயிர்களை என்ன செய்கிறது என்று காட்டினார். பட்டை உரிக்கும் யானையைப் பாடிய நம் புலவர் செய்ததும் அதுவேயன்றோ? கோவையில் 1911இல் பிறந்து, பொன்னானிப் பக்கத்துப் பசுமையில் வளர்ந்து, இளமையிலேயே நிலக்காட்சிகளை எழுதத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னைக்கருகே சோழமண்டல ஓவியர் சிற்றூரைத் தோற்றுவித்தார். கணவாயின் இருபுறத்தையும் வாழ்க்கையில் கண்டவர் அவர். அவர் வழிவந்தோருள் ஒருவரேனும் திணைகளை எழுதித் தந்திருந்தால் நாம் பேரீச்சம்பழ டப்பாவிடம் கையேந்தியிருக்க வேண்டா.

இன்னொருவர் வேறுவிதமாகச் சொன்னார். "விழா மேடையில் காய்ந்த முள்ளை எதற்குத் தொங்கவிட வேண்டும்? ஒட்டகமாவது அழகாயிருக்கிறது. மலை என்றால் பச்சைப் பசேல் என்று இருந்தால்தான் கண்ணுக்கு இனிமை" என்றார். இவ்வினிமைதான் எம்மை அச்சுறுத்துகிறது. மூணாறு என்றதும் தேயிலைப் பச்சையைக் காட்டும் சுற்றுலாப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அப்பச்சையே இயற்கை என்று நம்பிவிட்டோம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னர் அத்தேயிலை அங்கில்லை. நட்டவர் கையும் படத்தில் இல்லை, அவர் குடியிருக்கும் லயமும் படத்தில் இல்லை.

2018ஆம் ஆண்டை மட்டும் எண்ணிப் பாருங்கள். மார்ச்சு 11ஆம் நாள், இடுக்கி எல்லையை ஒட்டிய குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றோர் நடுவில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து திங்கள் கழித்து, ஆகத்து 9ஆம் நாள், 26 ஆண்டுக்குப் பின் முதன்முறையாக இடுக்கித் தேக்கத்தின் செறுதோணி மதகு திறக்கப்பட்டது. கேரளம் முழுதும் வெள்ளம். அதே பருவத்தில்தான் 12 ஆண்டுக்கொருமுறை மலரும் குறிஞ்சியும் அம்மலைகளில் பூத்தது! தீயும் நீரும் பூவும் ஒரே மலைத்தொடரில், ஒரே ஆண்டில். இதற்கு எத்தனை படுதா வேண்டும்? 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் லயங்கள் சேற்றில் புதைந்தன. எழுபது பேர் மறைந்தனர். பெரும்பாலோர் நம் தமிழர். கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து முன்னோர் காலத்தில் மலையேறியவர்களின் வழியினர். அருவியை அழகென்று மட்டும் எழுதிவைத்த ஓவியத்தில் பெட்டிமுடிக்கு இடமுண்டோ? வேனில் மலையை மலையாகவே எழுதாமல் மணலாக எழுதியவனுக்குக் குரங்கணி விளங்குமோ? மலை ஒருபோதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை என்பதைச் சங்கப் புலவர் அழகுக்காகச் சொல்லவில்லை. அவ்வழியே பொருள் தேடிப் போனவனும், வாயிலில் நின்று வழிபார்த்தவளும் உயிரோடு அறிந்த செய்தி அது.

குழுக் கூட்டத்தில் யாம் இவ்வளவும் பேசவில்லை, பேசவிடவும் இல்லை. "சரி, வரும் ஆண்டுக்கு வேறொன்று எழுதிக்கொள்ளுங்கள், கித்தான் விலையில் பாதியைச் சங்கம் தரும்" என்று முடித்தார்கள். மறுபாதியை யாம் தந்தோம். யாம் கேட்டது ஒன்றுதான். குறிஞ்சிக்கும் பாலைக்கும் சேர்த்து ஒரே படுதா. நடுவே ஒரே மலை. இடப்புறம் மேற்குச் சரிவு, வலப்புறம் கிழக்குச் சரிவு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டலாகாது.

கொழிஞ்சாம்பாறை ஓவியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் அழைத்துக்கொண்டு பேருந்தேறினோம். தூவானம் தெரியும் வளைவில் இறங்கினோம். வெயில் உச்சியில் நின்றது. தொலைவில் மூணாற்று முகட்டில் கருமுகில் கவிந்திருந்தது. அவர் பேசாது நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, "அருவிக்கு வெள்ளையை அப்படியே விட்டு வைக்கணும் ஐயா. முதல்ல காய்ஞ்சதைப் போட்டுக்கிறேன்" என்றார்.